ரேடியேட்டர் சூடாகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டறியும் வழிமுறை

ரேடியேட்டர் சூடாகவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது காற்றை வெளியேற்றும் சிறிய சாவியைத்தான். காற்று வெளியேற்றுவதால் தீரும் பிழை ஒன்றே ஒன்றுதான் என்பதும், தேவையில்லாமல் ஒவ்வொரு ரேடியேட்டரையும் திறந்து தண்ணீரை விட்டால் அமைப்பின் அழுத்தம் இறங்கி, ஓர் அறையில் மட்டும் இருந்த குளிர் வீடு முழுவதற்கும் பரவிவிடும் என்பதும் பலருக்கும் பிறகுதான் தெரியவருகின்றன. ஆகவே சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் வெப்பம் எந்த இடம் வரை வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெப்பம் நிற்கும் இடத்தில்தான் பெரும்பாலும் பிழையும் இருக்கும்.

இங்கே சொல்லப்படுபவை, பாய்லரில் சூடாகும் தண்ணீரைப் பம்ப் குழாய்களின் வழியே சுற்றிவரச் செய்யும் அமைப்புகளுக்கு உரியவை. நீராவியால் இயங்கும் பழைய வகை ரேடியேட்டர்களுக்கும், மின்சாரத்தில் தனியே இயங்கும் எண்ணெய் ரேடியேட்டர்களுக்கும் இவை பொருந்தா. குடியிருப்பு முழுவதற்கும் ஒரே பொதுப் பாய்லர் என்றால், வால்வின் தலையைச் சரிபார்ப்பதோடு நின்றுகொண்டு, தண்ணீரைத் திறக்கும் எந்த வேலையையும் நிர்வாகத்திடம் விட்டுவிட வேண்டும்.

## எதையும் திறப்பதற்கு முன்

வெப்பமூட்டியை இயக்கி, அறைத் தெர்மோஸ்டாட்டை அறையின் அப்போதைய வெப்பநிலையைவிட ஐந்தாறு டிகிரி உயர்த்தி வைத்து, எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் உச்ச எண்ணுக்குத் திருப்பிவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். பிறகு ஒவ்வோர் அறையாகச் சென்று, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, இருபுறமும் வந்து சேரும் இரண்டு குழாய்கள் ஆகிய நான்கு இடங்களைத் தொட்டுப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இயங்கும் ரேடியேட்டரின் பரப்பு 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடும் என்பதால், புறங்கையால் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுப்பதே பாதுகாப்பு.

ரேடியேட்டரின் ஒரு முனையில் எண்கள் பொறித்த, வெப்பநிலைக்கேற்பத் தானே மூடித் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும். மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருப்பது லாக்‌ஷீல்டு வால்வு. இது ரேடியேட்டருக்குள் எவ்வளவு தண்ணீர் போகலாம் என்பதை ஒருமுறை அமைத்துவிட்டு அப்படியே விட்டுவைப்பதற்கானது. இந்த இரண்டையும் அடையாளம் கண்டுகொண்டால் கீழே வரும் சோதனைகளில் பாதி எளிதாகிவிடும்.

எரிவாயு வாசனை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒலித்தாலோ, வீட்டில் இருப்பவர்களுக்குக் காரணமில்லாமல் தலைவலியும் மயக்கமும் வந்தாலோ இந்தச் சோதனைகள் எதையும் செய்யக்கூடாது. எந்த மின்சுவிட்சையும் தொடாமல், எட்டும் இடத்தில் இருந்தால் எரிவாயுவை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறி, வெளியே நின்றபடியே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

## அறிகுறி: வீட்டில் ஒரு ரேடியேட்டர்கூடச் சூடாகவில்லை

எல்லாமே குளிர்ந்திருந்தால் பிழை ரேடியேட்டர்களில் இல்லை. அவற்றைத் தொடாமல் பாய்லர் இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள்.

### பாய்லரே எரியவில்லை

முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். கம்பியில்லாத தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்திருப்பதும், மின்தடைக்குப் பிறகு நேரக்கருவியின் கடிகாரம் மாறிப்போய் இரவைப் பகலென்று எண்ணிக்கொண்டிருப்பதும் மிகச் சாதாரணமாக நடப்பவை. பாய்லருக்கான மின்சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும், எரிவாயுவில் இயங்கும் அடுப்பு எரிகிறதா என்றும் பாருங்கள். அடுப்பும் எரியவில்லை என்றால் தடை எரிவாயு வழங்கலில் இருக்கிறது.

அடுத்தது அழுத்தமானி. கூரைக்கடியில் தொட்டி இல்லாத மூடிய அமைப்பில், தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இடையே நிற்க வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே இறங்கியிருந்தால் பல பாய்லர்கள் எரிய மறுத்துவிடும். அப்படியிருந்தால், பாய்லர் குளிர்ந்திருக்கும்போது, அதன் அடியில் இருக்கும் நிரப்புக் குழாயின் வால்வுகளை மெல்லத் திறந்து, முள் 1.3 பார் அளவை எட்டியதும் மூடுங்கள். இரண்டு வால்வுகள் இருந்தால் இரண்டையும் இறுக மூடியாயிற்றா என்று திரும்பப் பாருங்கள். ஒன்று லேசாகத் திறந்திருந்தாலும் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், வழக்கமாக 3 பாரில் திறக்கும் பாதுகாப்பு வால்வு வழியே தண்ணீர் வீட்டுக்கு வெளியே கொட்டத் தொடங்கும்.

உறைபனிக் காலத்தில் மட்டும் வரும் இன்னொரு காரணம் உண்டு. புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் கண்டென்சிங் வகைப் பாய்லரிலிருந்து கழிவுநீரை வெளியே கொண்டுசெல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் உறைந்துபோனால், உள்ளே களகளவென்று சத்தம் கேட்டுப் பாய்லர் நின்றுவிடும். வெளியே தரைமட்டத்தில் எட்டும் இடத்தில் குழாய் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்றி இளக்கலாம். கொதிக்கும் தண்ணீர் குழாயைப் பிளந்துவிடும். ஏணி வைத்துத்தான் எட்ட முடியும் என்றால் அது உங்கள் வேலை அல்ல.

இவற்றுக்குப் பிறகு மறுதொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம், மிஞ்சினால் இன்னொரு முறை. திரும்பத் திரும்ப அழுத்துவது, பாய்லர் தன்னைக் காத்துக்கொள்வதற்காகப் போட்ட பூட்டை உடைப்பதற்குச் சமம். திரையில் தெரியும் பிழை எண்ணைக் குறித்துக்கொண்டு, எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்றவரை அழையுங்கள். பாய்லரின் முன்மூடியைத் திருகாணி கழற்றித் திறக்கும் எந்த வேலையும் அவருக்கு உரியது.

### பாய்லர் எரிகிறது, ஆனால் சூடு நகரவில்லை

பாய்லர் எரியத் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே அணைந்து, மறுபடி எரிந்து, மறுபடி அணைகிறது. அதிலிருந்து புறப்படும் குழாய் தொட முடியாத சூடாகவும் திரும்பி வரும் குழாய் குளிர்ந்தும் இருக்கிறது. இது பெரும்பாலும் பம்ப் சுழலாததன் அடையாளம். கோடை முழுவதும் அசையாமல் கிடந்த பம்ப் குளிர்காலத்தின் முதல் நாளில் சிக்கிக்கொள்வது வழக்கமான கதை. பம்ப் பாய்லருக்கு வெளியே தனியாக இருக்கிறதென்றால், ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன் உடலில் வைத்து, கைப்பிடியைக் காதருகே கொண்டுவந்து கேளுங்கள். சுழலும் பம்பில் சீரான முனகல் கேட்கும். சிக்கிய பம்பில் மின்சாரம் வரும் மெல்லிய ரீங்காரம் மட்டும் இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது.

பழைய வகைப் பம்புகளின் முகத்தில் நடுவே ஒரு பெரிய திருகாணி இருக்கும். மின்சாரத்தை முற்றிலும் அணைத்து, பம்ப் ஆறிய பிறகு, கீழே துணி விரித்து அதைக் கழற்றினால் உள்ளே அச்சின் நுனி தெரியும். அதன் பிளவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து இருபுறமும் சில முறை திருப்பினால் இளகிவிடும். கொஞ்சம் தண்ணீர் கசியும், அது இயல்பே. புதிய மின்னணுப் பம்புகளில் இந்த வழி பெரும்பாலும் இருக்காது. பம்ப் பாய்லரின் உள்ளேயே இருந்தால் தொடவும் கூடாது. அங்கே தொழில்வல்லுநர் வந்தே ஆக வேண்டும்.

### குளியலறையில் வெந்நீர் வருகிறது, ரேடியேட்டர்களில் மட்டும் சூடில்லை

பாய்லரும் எரிவாயுவும் சரியாக இருக்கின்றன என்பதற்கு அந்த வெந்நீரே சான்று. தண்ணீரைக் குளியலறைப் பக்கமா, ரேடியேட்டர் பக்கமா என்று திருப்பிவிடும் வால்வு ஒரு பக்கத்திலேயே சிக்கியிருக்கலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர்கள் லேசாகச் சூடானால் ஐயம் அநேகமாக உறுதியாகிறது. வெந்நீர்த் தொட்டி தனியே இருக்கும் வீடுகளில் இந்த வேலையை மோட்டார் பொருத்திய வால்வு செய்யும். அதன் பக்கவாட்டில் இருக்கும் சிறு நெம்புகோலைக் கையால் தள்ளிப் பார்த்தால், இயங்கும் வால்வு மெல்லிய எதிர்ப்போடு நகரும். தள்ளியதும் ரேடியேட்டர்கள் சூடாகத் தொடங்கினால், மோட்டார்த் தலையை மட்டும் மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையோடு ஆளை அழைக்கலாம். முழு வால்வையும் மாற்றுவதைவிட இது எளிது, மலிவு.

## அறிகுறி: ஒரு மாடி சூடாகிறது, இன்னொன்று குளிர்ந்திருக்கிறது

மேல்மாடி மட்டும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். மூடிய அமைப்பில் அழுத்தத்தைப் பாருங்கள். கூரைக்கடியில் சிறு தொட்டி வைத்த பழைய அமைப்பில், அந்தத் தொட்டியின் மிதவை வால்வு மேலேயே சிக்கிக்கொண்டு தொட்டி வறண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். மிதவையைக் கையால் அசைத்துவிட்டாலே தண்ணீர் வரத் தொடங்குவது உண்டு. தொட்டி நிறைந்த பிறகு மேல்மாடி ரேடியேட்டர்களிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

கீழ்மாடி குளிர்ந்து மேல்மாடி மட்டும் மிதமாகச் சூடாக இருந்தால் பம்பைச் சந்தேகியுங்கள். சூடான தண்ணீர் தானாகவே மேலே ஏறும், கீழே தள்ளுவதற்குத்தான் பம்ப் வேண்டும். மாடிக்கு ஒரு தெர்மோஸ்டாட் என்று பிரித்துவைத்த வீடுகளில், குளிர்ந்திருக்கும் மாடிக்கான தெர்மோஸ்டாட்டையும் அதன் மோட்டார் வால்வையும் முதலில் பாருங்கள்.

## அறிகுறி: ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுவதும் குளிர்ந்திருக்கிறது

அதிகம் காணப்படும் பிழை இதுதான், செலவில்லாமல் தீர்வதும் பெரும்பாலும் இதுதான். மற்ற ரேடியேட்டர்கள் சூடாக இருப்பதால் பாய்லரையும் பம்பையும் மறந்துவிடலாம். தெர்மோஸ்டாட் வால்வுக்கு வரும் குழாயைத் தொடுங்கள். குழாய் சூடாக இருந்து, வால்வைத் தாண்டியதும் சூடு அறுந்துபோனால் தடை வால்வுக்குள் இருக்கிறது. குழாயே குளிர்ந்திருந்தால் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. ஓட்டம் நின்ற குழாய் ஆறிவிடும் என்பதால், தடை வால்விலும் இருக்கலாம், மறுமுனையிலும் இருக்கலாம், குழாயிலும் இருக்கலாம்.

### முதல் சந்தேகம்: வால்வின் தலை

எண் எதில் நிற்கிறது என்று பாருங்கள். பனித்துளிக் குறியில் இருந்தால் அறை ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போகும்வரை வால்வு திறக்காது. எண் 3 என்பது பொதுவாக 20 டிகிரியை ஒட்டியது. வால்வின் தலை கனத்த திரைச்சீலைக்குப் பின்னாலோ சோபாவுக்கு அடியிலோ மறைந்திருந்தால், தன்னைச் சுற்றித் தேங்கும் சூட்டையே அறையின் சூடென்று எண்ணி மூடிக்கொள்ளும். மின்னணுத் தலை என்றால் பேட்டரியை மாற்றிவிட்டு, அது வால்வுக்குள் ஏறி இறங்கும் உலோக முள்ளின் நகர்வை மறுபடி அளந்துகொள்ளும் வரை காத்திருங்கள்.

### இரண்டாவது: சிக்கிய முள்

தலையை உச்ச எண்ணுக்குத் திருப்பி, அதைப் பிடித்திருக்கும் வளையத்தை இடஞ்சுழியாகத் திருகினால் தலை கழன்று வந்துவிடும். சில வகைகளில் வளையத்துக்குப் பதிலாக அழுத்தி இழுக்கும் பிடிப்பு இருக்கும். தலையைக் கழற்றுவதால் தண்ணீர் வராது. உள்ளே, வால்வின் நடுவில், தீக்குச்சிப் பருமனில் ஓர் உலோக முள் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். நலமான முள் விறைப்போடு உள்ளே இறங்கி, விட்டதும் விருட்டென்று மேலே வரும். இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டாலோ, தொடுவதற்கு முன்பே வால்வின் உதட்டோடு சமமாக அமிழ்ந்திருந்தாலோ பிழை கண்ணெதிரே இருக்கிறது. கோடையில் பல மாதம் குறைந்த எண்ணில் கிடந்த வால்வுகளில்தான் இது அதிகம்.

முள்ளின் அடியைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் ஒரு துளி விட்டு, வால்வின் உடலை ஸ்பேனரின் பிடியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, சிறிது மேலே வந்ததும் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு, தடையில்லாமல் ஏறி இறங்கும்வரை தொடருங்கள். எவ்வளவு பொறுமை போனாலும் முள்ளை இடுக்கியால் பிடித்து மேலே இழுக்கக்கூடாது. சில வால்வுகளில் முள் கையோடு வந்துவிடும், அதைத் தொடர்ந்து தண்ணீரும் வரும்.

முள் மேலே வந்த பிறகு தலையைப் பொருத்தாமலே கால் மணி நேரம் விட்டுவையுங்கள். தலை இல்லாத வால்வு முழுவதும் திறந்த வால்வு. இப்போது ரேடியேட்டர் சூடாகி, தலையைப் பொருத்தி உச்ச எண்ணில் வைத்ததும் மறுபடி குளிர்ந்தால் தலைதான் பழுது. தலையை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம், தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை. வாங்கும்போது மரையின் அளவைப் பாருங்கள். பரவலாக இருப்பது எம்30×1.5, ஆனால் எல்லாத் தயாரிப்புகளும் அதைப் பின்பற்றுவதில்லை.

### மூன்றாவது: மூடிக்கிடக்கும் லாக்‌ஷீல்டு

சுவருக்குச் சாயம் பூசுவதற்காக ரேடியேட்டரைக் கழற்றி மாட்டிய வீடுகளில் இதை முதலில் பார்ப்பேன். கழற்றும்போது இரண்டு வால்வுகளையும் மூடுவார்கள், மாட்டிய பிறகு எண் போட்ட வால்வை மட்டும் திறந்துவிட்டுப் போய்விடுவார்கள். பிளாஸ்டிக் மூடியை எடுத்து, உள்ளே இருக்கும் தண்டை வலஞ்சுழியாக மூடும்வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அதைச் சுவரோரத்திலோ மூடியின் உட்புறத்திலோ எழுதிவைத்துவிட்டு, அதே அளவு திரும்பத் திறந்துவிடுங்கள். சுற்றே இல்லை என்றால் அது மூடியே இருந்திருக்கிறது; ஒரு சுற்றுத் திறந்து, ரேடியேட்டரிலிருந்து காற்றை வெளியேற்றிப் பாருங்கள்.

### நான்காவது: குழாயில் அடைப்பு

முள்ளும் நகர்கிறது, லாக்‌ஷீல்டும் திறந்திருக்கிறது, காற்றும் இல்லை என்ற நிலையில், வீட்டிலுள்ள மற்ற எல்லா ரேடியேட்டர்களையும் எண் போட்ட வால்வால் மூடிவிட்டு இந்த ஒன்றை மட்டும் திறந்துவைத்து இயக்குங்கள். பம்பின் முழு விசையும் இதன்மேல் விழும். இருபது நிமிடத்துக்குள் சூடானால் பிழை நீர்ப் பங்கீட்டில் இருக்கிறது, கீழே ‘பாய்லருக்கு அருகே கொதிப்பு, தொலைவில் வெதுவெதுப்பு’ என்ற பகுதிக்குப் போகலாம். சில நேரம் சிக்கியிருந்த காற்றோ கசடோ இந்த விசையிலேயே நகர்ந்து, பிழை அப்போதே தீர்ந்துவிடுவதும் உண்டு. அப்போதும் அசையாவிட்டால், குழாயிலோ வால்வின் உட்புறத்திலோ கசடு இறுகியிருக்கிறது. 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய செம்புக் குழாய்கள் போட்ட வீடுகளில் இது அடிக்கடி நேரும். இதற்குமேல் தண்ணீரை வடித்து வால்வைக் கழற்ற வேண்டியிருப்பதால் பிளம்பரை அழைப்பதே நல்லது.

## அறிகுறி: கீழே சூடு, மேலே குளிர்ச்சி

சாவிக்கு வேலை வரும் இடம் இதுதான். ரேடியேட்டரின் மேற்பகுதியில் காற்று தேங்கியிருப்பதால் தண்ணீர் அங்கே ஏற முடியவில்லை.

வெப்பமூட்டியை அணைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது திறந்தால், சில இடங்களில் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படும். அழுத்தம் 1 பாருக்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். பிறகு கீழ்மாடியில் தொடங்கி, ரேடியேட்டரின் மேல்மூலையில் இருக்கும் சிறு திருகில் சாவியைப் பொருத்தி, அடியில் துணியையும் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டு, இடஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். புஸ்ஸென்று காற்று வரும், பிறகு காற்றும் தண்ணீரும் கலந்து துப்பும், அதன்பின் தண்ணீர் சீராக வரும். சீரான கணத்தில் மூடிவிடுங்கள். பித்தளை மரை எளிதில் தேய்ந்துவிடும் என்பதால் கையிறுக்கத்துக்கு மேல் முறுக்கவேண்டாம். திருகை முழுவதும் கழற்றிவிட்டால் பீறிடும் தண்ணீருக்கு எதிராக அதை மறுபடி பொருத்துவது பெரும்பாடு. சாயம் பூசி இறுகிப்போன திருகானால், விளிம்பைக் கத்தி முனையால் கீறிவிட்டுத் திருப்புங்கள். முடிந்ததும் அழுத்தமானியைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்புங்கள்.

### திறந்தும் எதுவும் வரவில்லை

காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் அமைப்பில் அழுத்தம் இல்லை, அல்லது திருகின் துளை சாயத்தாலோ கசடாலோ அடைபட்டிருக்கிறது. மானியைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

### சில வாரங்களில் மறுபடியும் காற்று

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு மாதந்தோறும் காற்று வெளியேற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காற்றோடு அழுத்தமும் இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. வால்வுகளின் அடியிலும் ரேடியேட்டர்களின் கீழ்த் தையலிலும் காய்ந்த டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். வெளிச்சுவரில் பாதுகாப்பு வால்வின் குழாய்நுனி ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இயங்கும்போது அழுத்தம் 3 பார் வரை ஏறி, ஆறியதும் பூஜ்யத்துக்கு விழுந்தால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியில் காற்று போய்விட்டது என்று பொருள், அது வல்லுநரின் வேலை. அழுத்தம் அப்படியே நிற்க, வாயு மட்டும் சேர்ந்துகொண்டே வந்தால், உள்ளே இரும்பு அரித்து ஹைட்ரஜன் உண்டாகிக்கொண்டிருக்கலாம். அது தீப்பற்றும் வாயு என்பதால் திறக்கும்போது அருகில் சுடர் எதுவும் இருக்கக்கூடாது. அதற்குத் தீர்வு அரிப்புத் தடுப்பு மருந்து, சாவி அல்ல.

## அறிகுறி: மேலே சூடு, கீழே நடுப்பகுதியில் குளிர்ச்சி

மேலே சொன்னதற்கு நேர் எதிரானது இது. காற்று மேலே தேங்கும், கசடு கீழே படியும். ஆகவே இங்கே எத்தனை முறை காற்று வெளியேற்றினாலும் பயன் இல்லை.

உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. காற்றுத் திருகின் வழியே அரைக் கிண்ணம் தண்ணீரை வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் பிடித்து, சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் மை போலக் கறுத்திருந்து, அடியில் நுண்ணிய பொடி படிந்தால், கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தை வைத்து மெல்ல நகர்த்துங்கள். பொடியும் கூடவே ஊர்ந்து வந்தால் அது மேக்னடைட் எனும் கரிய இரும்பு ஆக்சைடு, அதாவது உங்கள் ரேடியேட்டர்களின் உட்சுவர்தான் கரைந்து கிடக்கிறது. தண்ணீர் கறுப்பாக இல்லாமல் செம்பழுப்பாக இருந்தால், அமைப்புக்குள் புதிதாக ஆக்சிஜன் புகுந்துகொண்டிருக்கிறது. அடிக்கடி புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கும் வீடுகளில் இதைக் காணலாம். கசிவை அடைக்காமல் கசடை மட்டும் கழுவுவது வீண்.

### ஒன்றிரண்டு ரேடியேட்டர்களில் மட்டும்

அந்த ரேடியேட்டரைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்க் குழாய் நீரால் அலசுவதே நேரான வழி. இரண்டு வால்வுகளையும் மூடி, லாக்‌ஷீல்டின் சுற்றுகளை எண்ணிக் குறித்து, காற்றுத் திருகைத் திறந்து, ஒரு முனையின் மரையை இளக்கித் தண்ணீரைத் தட்டில் வடித்து, பிறகு தூக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கைகள். தண்ணீர் நிறைந்த ரேடியேட்டரின் எடை ஒருவரால் தாங்கக்கூடியது அல்ல, வடித்த பிறகும் இருவர் வேண்டும். அந்தக் கறுப்புத் தண்ணீர் கம்பளத்தில் சிந்தினால் கறை போகவே போகாது, ஆகவே இரு முனைகளையும் துணியால் அடைத்துவிட்டே வெளியே எடுத்துச்செல்ல வேண்டும். எண் போட்ட வால்வுகளில் சில, தலையைச் சுழியத்தில் வைத்தாலும் குளிரில் தானே திறந்துகொள்ளும். தலையைக் கழற்றி, முள்ளை அழுத்திப் பிடிக்கும் மூடியைப் பொருத்திய பிறகே மரையைத் தொடுங்கள். இந்த வேலையில் முன்னனுபவம் இல்லாதவர்கள் பிளம்பரிடம் விடலாம், அதில் தவறொன்றும் இல்லை.

### வீடு முழுவதும்

பல ரேடியேட்டர்களில் ஒரே அறிகுறி என்றால் கசடு கரைக்கும் மருந்தை அமைப்பில் சேர்த்து, அதன் உறையில் சொல்லப்பட்ட காலம் வரை ஓடவிட்டு, முழுத் தண்ணீரையும் வடித்து, புதுத் தண்ணீரோடு அரிப்புத் தடுப்பு மருந்தையும் சேர்ப்பது அடுத்த படி. கடைசி மருந்தைச் சேர்க்காமல் விட்டால் இத்தனை உழைப்பும் சில ஆண்டுகளில் திரும்பவும் கறுப்புத் தண்ணீராகிவிடும். அதற்கும் மசியாவிட்டால்தான் இயந்திரத்தால் வேகமாக நீரைப் பாய்ச்சிக் கழுவும் முறை. செலவு மிக்கது என்பதோடு, துருவே ஒட்டிப் பிடித்திருக்கும் பழைய ரேடியேட்டர்களில் இது மறைந்திருந்த ஊசித்துளைகளைத் திறந்துவிடக்கூடும். ரேடியேட்டரின் அடியில் துருக்கொப்புளங்கள் தெரிந்தால் கழுவும் பணத்தைப் புதிய ரேடியேட்டருக்குச் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. எந்த வழியானாலும், பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: பாய்லருக்கு அருகே கொதிப்பு, தொலைவில் வெதுவெதுப்பு

தண்ணீர் தடை குறைந்த வழியிலேயே ஓடும். முன்னே இருக்கும் மடைகள் அகலத் திறந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது அல்லவா, அதே நிலைதான் இங்கும். பம்பின் வேகத்தைக் கூட்டுவதால் சத்தம்தான் கூடும். முன்னே உள்ள மடைகளைக் குறுக்க வேண்டும்.

எல்லா எண் வால்வுகளையும் உச்சத்திலும், எல்லா லாக்‌ஷீல்டுகளையும் முழுவதும் திறந்தும் வைத்து, அமைப்பு நன்றாக ஆறிய பிறகு இயக்குங்கள். எந்த ரேடியேட்டர் முதலில் சூடாகிறது, எது கடைசி என்ற வரிசையை எழுதுங்கள். முதலில் சூடானதன் லாக்‌ஷீல்டை மூடிக் கால் சுற்று மட்டும் திறங்கள். அடுத்தடுத்தவற்றைச் சற்றுச் சற்று அதிகமாகத் திறந்துகொண்டே போய், கடைசியானதை முழுவதும் திறந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் உள்ளே வரும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் இடையிலான வேறுபாட்டை அளந்து, எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகும்வரை எட்டில் ஒரு பங்குச் சுற்றாகத் திருத்துங்கள். பழைய அமைப்புகளில் 10 முதல் 12 டிகிரி வேறுபாடு வழக்கம், கண்டென்சிங் பாய்லர்களில் 20 டிகிரி வரை போகலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவர்கள் குழாயில் கறுப்பு மின்காப்பு நாடாவைச் சுற்றி அதன்மேல் அளக்க வேண்டும், பளபளக்கும் செம்பின்மேல் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும் என்பதால், ஒரு விடுமுறை நாளை இதற்கென ஒதுக்குங்கள்.

## அறிகுறி: ரேடியேட்டர் சூடாகத்தான் இருக்கிறது, அறை மட்டும் குளிர்கிறது

பிழை அமைப்பில் இல்லை. முன்னால் நிற்கும் அலமாரியையோ, மேலே விழும் திரைச்சீலையையோ நகர்த்திப் பாருங்கள். அறைத் தெர்மோஸ்டாட் இருக்கும் கூடம் விரைவில் சூடாகி, மற்ற அறைகள் சூடாவதற்கு முன்பே பாய்லரை அணைத்துவிடுகிறதா என்றும் கவனியுங்கள். பாய்லருக்குப் பதிலாக, வெளிக்காற்றிலிருந்தோ மண்ணிலிருந்தோ வெப்பத்தை எடுக்கும் வெப்பப் பம்ப் பொருத்திய வீடுகளில் தண்ணீர் பெரும்பாலும் 35 முதல் 50 டிகிரிக்குள்தான் ஓடும். அங்கே ரேடியேட்டர் கையைச் சுடாதது பழுது அல்ல. நாள் முழுவதும் இயக்கியும் அறை சூடாகாவிட்டால் அறைக்கு ரேடியேட்டர் சிறியது.

## ஆளை அழைக்கும்போது

எரிவாயு, பாய்லரின் உட்புறம், விரிவுத் தொட்டி, மின்கம்பி, கண்ணுக்குத் தெரியாத கசிவு ஆகிய ஐந்தில் எதுவானாலும் நேரே வல்லுநரை அழையுங்கள். தரைக்கடியில் கசிவு என்று ஐயம் இருந்தால், அவர் வரும்வரை தினமும் தண்ணீர் நிரப்பி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அழைக்கும்போது "ரேடியேட்டர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், தொடக்கத்தில் குறித்த தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்: எந்த ரேடியேட்டர்கள், மேலா கீழா, எந்தக் குழாய் சூடு, குளிர்ந்த நிலையில் அழுத்தம் எவ்வளவு, சூடான நிலையில் எவ்வளவு, பிழை எண் என்ன, முள் நகர்கிறதா, கிண்ணத்தில் பிடித்த தண்ணீரின் நிறம் என்ன. இவ்வளவும் கேட்டுக்கொண்டவர் சரியான உதிரிபாகத்தோடு வருவார், இரண்டாவது வருகைக்கான கூலி மிஞ்சும். வந்தவர் ஒரு ரேடியேட்டரையும் தொட்டுப் பார்க்காமல், தண்ணீரின் நிறத்தையும் பார்க்காமல், வீடு முழுவதையும் இயந்திரத்தால் கழுவ வேண்டும் என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால், எந்த ரேடியேட்டரில் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.